பழைய பெட்டி என்ன ஆகும்? டிவி படம் தெளிவான கதை



போன மாதம் மட்டும் நான்கு பேர் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "சார், 4கே டிவி வாங்கினால் போதுமா, 8கே வரும் வரை பொறுக்கலாமா?" என்றார் பழைய மாணவர் ஒருவர். அவருக்கே இப்போது ஐம்பது வயது இருக்கும். "மாமா, எச்.டி.ஆர்னு ஒண்ணு போட்டிருக்கு, அதுக்குத் தனியா காசு கேக்கறாங்க, அது என்ன?" என்றாள் என் தங்கை மகள். ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் முப்பத்திரண்டு வருஷம் இயற்பியல் நடத்தியவனிடம் கேட்டால் ஒரு வரியில் முடியுமா? பதில் கடைசிப் பகுதியில் இருக்கிறது. அவசரக்காரர்கள் நேராக அங்கே போகலாம். வகுப்பில்தான் எழுந்து போக முடியாது, இங்கே முடியும்.

டிவி படம் மேம்பட்ட வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் புதிய பெட்டியைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். எத்தனை கோடு, எத்தனை புள்ளி, எவ்வளவு வெளிச்சம் என்று. நான் படித்துப் பார்த்த வரையில், ஒவ்வொரு மாற்றத்தின் தலையெழுத்தையும் தீர்மானித்தது வேறு ஒரு கேள்வி. ஏற்கெனவே வீட்டில் இருக்கிற பழைய பெட்டி என்ன ஆகும்?

அமெரிக்காவில் வண்ண டிவி வந்த கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். 1950 அக்டோபரில் அந்த நாட்டின் தகவல்தொடர்பு ஆணையம், சி.பி.எஸ் நிறுவனத்தின் வண்ண முறைக்கு அனுமதி கொடுத்தது. பீட்டர் கோல்ட்மார்க் என்ற பொறியாளர் உருவாக்கியது. கேமராவுக்கு முன்னால் சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடிகள் பதித்த வட்டு சுழலும்; வீட்டுப் பெட்டியிலும் அதே மாதிரி ஒரு வட்டு சுழலும். படம் நன்றாகவே இருந்தது. ஆனால் அந்த அலையைக் கறுப்பு வெள்ளைப் பெட்டியில் பிடித்தால் உருப்படியாக எதுவும் தெரியாது. அப்போது அமெரிக்க வீடுகளில் ஒரு கோடிக்கு நெருக்கமாகக் கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் இருந்தன. 1951 ஜூனில் ஒளிபரப்பு தொடங்கியது, பார்க்க ஆளில்லை. அக்டோபரில் கொரியப் போரைக் காரணம் காட்டி வண்ணப் பெட்டித் தயாரிப்பை நிறுத்தச் சொன்னார்கள். அதோடு அந்த முறை கதை முடிந்தது. 1953 டிசம்பரில் ஆணையமே மனம் மாறி, பழைய பெட்டியிலும் கறுப்பு வெள்ளையாகத் தெரியக்கூடிய வேறொரு வண்ண முறைக்கு அனுமதி கொடுத்தது. நிறத்தைப் பற்றிய தகவலை, பழைய பெட்டி கவனிக்காத இடத்தில் சொருகி அனுப்பும் முறை அது.

இந்த ஏற்பாட்டின் பலனை நீங்களும் அனுபவித்திருக்கிறீர்கள். சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது என்றாலும், எங்கள் தென்கோடிக்கு அது எட்டவில்லை. எங்களுக்கு டிவி என்றால் ஆரம்பத்தில் இலங்கை ரூபவாகினிதான். 1982-இல் வந்தது. மொட்டை மாடியில் நீளக் குழாய் நட்டு, ஆன்டெனாவைக் கடல் பக்கம் திருப்பி, பூஸ்டர் வைத்துப் பிடிப்போம். ஒருவர் மாடியில் குழாயைத் திருப்ப, ஒருவர் ஜன்னலில் நின்று "தெரியுது... போச்சு... கொஞ்சம் இந்தப் பக்கம்" என்று கத்துவார். ரூபவாகினி வண்ணத்தில்தான் அனுப்பிக்கொண்டிருந்தது. எங்கள் தெருவில் இருந்தது கறுப்பு வெள்ளை சாலிடேர். தெரிந்தது! அதே ஆண்டு டெல்லி ஆசிய விளையாட்டையொட்டி நம் தூர்தர்ஷனும் வண்ணத்துக்கு மாறியது. டயனோராவும் சாலிடேரும் வைத்திருந்த யாரும் பெட்டியைத் தூக்கிப் போட வேண்டியிருக்கவில்லை. காசு சேர்ந்தபோது வண்ணப் பெட்டி வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

இனி ஜப்பான். நம் கதாநாயகர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

1964-இல் டோக்கியோ ஒலிம்பிக் நடந்தது. அது முடிந்த கையோடு, ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே-யின் ஆய்வுக்கூடத்தில் அடுத்த தலைமுறை டிவி எப்படி இருக்க வேண்டும் என்று யோசிக்கத் தொடங்கினார்கள். கவனியுங்கள், நம் ஊரில் சிவாஜி படம் பார்க்க டென்ட் கொட்டகைக்குப் போய்க்கொண்டிருந்த காலம். பின்னாளில் இந்த ஆராய்ச்சிக்குத் தலைமை ஏற்றவர் டகாஷி ஃபுஜியோ. அவர்கள் ஆரம்பித்த விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. எந்திரத்தை விட்டுவிட்டு மனிதனின் கண்ணிலிருந்து ஆரம்பித்தார்கள். ஆட்களை உட்காரவைத்து, திரையின் அளவையும் தூரத்தையும் மாற்றி மாற்றிக் காட்டி, எப்போது "நான் அந்த இடத்திலேயே இருக்கிறேன்" என்ற உணர்வு வருகிறது என்று அளந்தார்கள்.

அவர்கள் வந்து சேர்ந்த முடிவு இது. பழைய டிவியை அதன் திரை உயரத்தைப் போல ஆறேழு மடங்கு தூரத்தில் உட்கார்ந்துதான் பார்க்க முடிகிறது. கிட்டே போனால் கோடுகள் தெரிகின்றன. புதிய டிவியை மூன்று மடங்கு தூரத்தில் உட்கார்ந்து பார்க்க முடிய வேண்டும். அப்போது திரை நம் பார்வையில் கிடைமட்டமாகச் சுமார் 30 பாகை பிடித்துக்கொள்ளும். அந்தத் தூரத்தில் கோடுகள் கண்ணுக்குத் தெரியாமல் போக, ஆயிரத்துச் சொச்சம் கோடு வேண்டும்.

சரியாக எத்தனை? அமெரிக்காவும் ஜப்பானும் 525 கோடு வைத்திருந்தன. ஐரோப்பாவும் நாமும் 625. ஜப்பானியர் தேர்ந்தெடுத்தது 1125. கணக்கில் ஆர்வமுள்ளவர்கள் 25-ஆல் வகுத்துப் பாருங்கள். 21, 25, 45 என்று வரும். அதாவது 525-க்கும் 625-க்கும் எளிய பின்னங்களில் மாற்றிக்கொள்ளக்கூடிய எண். இரண்டு உலகத்துக்கும் பொதுவான அளவாக இது அமையும் என்று நம்பினார்கள்.

1981-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பொறியாளர் மாநாட்டில் இதைக் காட்டினார்கள். பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். இயக்குநர் ஃபிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலா இதன் பெரிய ஆதரவாளர் ஆகிவிட்டார். "ஹை-விஷன்" என்று பெயர் வைத்தார்கள். ஒரே தொல்லை, சாதாரண டிவி அலைவரிசை ஒன்றுக்கு அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஒதுக்கியிருந்த அகலம் 6 மெகா ஹெர்ட்ஸ். இந்தப் படத்துக்கு அதைப்போல ஐந்து மடங்கு தேவைப்பட்டது. அதைச் சுருக்கி ஒரே ஒரு செயற்கைக்கோள் அலைவரிசையில் அடைக்க 1984 வாக்கில் "மியூஸ்" என்ற முறையைச் செய்தார்கள். அசையாத காட்சி கண்ணாடி போலத் தெரியும். ஓடுகிற குதிரை, பறக்கிற பந்து கொஞ்சம் மங்கும். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு, ஆனால் பழைய அனலாக் வகையிலேயே வந்தது. முக்கியமாக, பழைய பெட்டியில் நேராகத் தெரியாது. தனியே ஒரு மாற்றி வேண்டும், இல்லையென்றால் பத்து லட்சம் யென்னுக்கும் மேல் கொடுத்துப் புதிய பெட்டி வாங்க வேண்டும்.

1986 மே மாதம், அன்றைய யூகோஸ்லாவியாவின் துப்ரோவ்னிக் நகரில் உலகநாடுகளின் கூட்டம். 1125 கோட்டை உலகத் தரமாக ஏற்கலாம் என்றது ஜப்பான். அமெரிக்கா ஆதரித்தது. ஐரோப்பா மறித்தது. வெளியே சொன்ன காரணம், எங்கள் மின்சாரமும் படவேகமும் 50 கணக்கு, உங்களுடையது 60 கணக்கு, பழைய பெட்டிகளோடு ஒத்துப்போகாது என்பது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் ஏற்கெனவே ஜப்பானிய ரேடியோவும் வீடியோ டெக்கும் கடைகளை நிறைத்துவிட்ட காலம் அது. டிவி தொழிற்சாலையும் போய்விடுமே என்ற பயமும் இருந்தது. ஐரோப்பியர்கள் 1250 கோட்டில் சொந்தமாக ஒன்றைச் செய்தார்கள். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கை அதில் காட்டினார்கள், அடுத்த வருடமே கைவிட்டார்கள். அந்தக் கதையை இதற்குமேல் நீட்ட ஒன்றுமில்லை.

அமெரிக்கக் கதைதான் சுவையானது. அதில் யாரும் தெளிவான படத்துக்காகத் தொடங்கவில்லை! 1987 வாக்கில் டிவி நிலையங்கள் பயன்படுத்தாமல் வைத்திருந்த அலைவரிசைகளை, போலீஸ் ஜீப்புகளிலும் லாரிகளிலும் வைக்கும் இருவழி வானொலிக்காரர்கள் கேட்டார்கள். சும்மா கிடப்பதைக் கொடுத்தால் என்ன என்பது நியாயமான கேள்விதானே. கொடுக்க மனமில்லாத டிவி நிலையங்கள், "எதிர்காலத்தில் உயர்தெளிவு டிவிக்கு இந்த இடம் வேண்டும்" என்றன. ஜப்பானியரின் ஹை-விஷன் கருவிகளையே வாஷிங்டனுக்கு வரவழைத்து அரசியல்வாதிகளுக்குப் படம் போட்டுக் காட்டின. கொல்லைப்புறம் சும்மா கிடக்கிறதே, எனக்கு வாடகைக்குக் கொடு என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால், "மகன் கல்யாணமாகி வந்தால் அங்கே வீடு கட்டப் போகிறான்" என்று சொல்வோமே, அந்த ரகம். ஆணையம் அதை நம்பியது. ரிச்சர்ட் வைலி என்பவர் தலைமையில் குழு போட்டது. சொல்லிவிட்ட வார்த்தைக்காக வீட்டைக் கட்டியே தீர வேண்டிய நிலை வந்துவிட்டது.

1988 செப்டம்பரில் அந்த ஆணையம் ஒரு நிபந்தனை விதித்தது. என் பார்வையில் மொத்த வரலாற்றின் திருப்பமும் இங்கேதான். புதிய டிவி எப்படி வேண்டுமானாலும் வரட்டும், ஆனால் ஏற்கெனவே பெட்டி வாங்கிய மக்களின் படம் நின்றுபோகக் கூடாது. டிவிக்கென்று புதிதாக அலைக்கற்றையும் கிடையாது. 1990-இல் இது இன்னும் தெளிவானது. ஒவ்வொரு நிலையமும் பழைய ஒளிபரப்பைத் தொடர்ந்துகொண்டே, பக்கத்தில் இன்னொரு 6 மெகா ஹெர்ட்ஸில் புதியதையும் அனுப்ப வேண்டும். அதாவது அந்தப் பிரம்மாண்டப் படம் முழுவதும் ஒற்றை அலைவரிசைக்குள் அடங்கியாக வேண்டும், அக்கம்பக்கத்துப் பழைய ஒளிபரப்பையும் கெடுக்கக் கூடாது.

அனலாக்கில் அது நல்லபடியாக ஆகிற காரியமே இல்லை. ஜப்பானியர் மியூஸை இன்னும் ஒடுக்கி ஒரு வடிவம் கொண்டுவந்தார்கள். படத்தின் தரம் அடிவாங்கியது. 1990 ஜூனில், விண்ணப்பம் கொடுக்கும் கடைசி நேரத்தில், ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் என்ற கம்பெனி முழுக்க முழுக்க டிஜிட்டல் முறை ஒன்றை அறிவித்தது. பின்னால் இருந்த மூளை, கொரியாவில் பிறந்த ஊ பைக் என்ற பொறியாளர். அதுவரை டிஜிட்டல் ஒளிபரப்பு இன்னும் இருபது வருடம் தள்ளி என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் திகைத்தார்கள். பிறகு எல்லோருமே டிஜிட்டலுக்குத் தாவினார்கள். 1993 பிப்ரவரியில் அனலாக் முறை போட்டியிலிருந்து நீக்கப்பட்டது. முப்பது வருட உழைப்பாளிகளான என்.எச்.கே ஆட்கள் வெளியே. அந்த ஆண்டு மே மாதம் போட்டியாளர்கள் ஒன்றுசேர்ந்து "பெருங்கூட்டணி" அமைத்தார்கள். 1996 டிசம்பரில் தரம் அங்கீகரிக்கப்பட்டது. 1998 நவம்பரில் ஒளிபரப்பு தொடங்கியது.

இந்தச் சுருக்கும் வித்தை எப்படி என்று கேட்பீர்கள். ஒரு எச்.டி படத்தில் 1920 பெருக்கல் 1080, சுமார் 20 லட்சத்து 73 ஆயிரம் புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 24 பிட், நொடிக்கு 30 படம் என்றால் 149 கோடி பிட். அந்த 6 மெகா ஹெர்ட்ஸ் வழியாகப் போகக்கூடியதோ நொடிக்கு 1 கோடியே 94 லட்சம் பிட்தான். எழுபத்தைந்துக்கும் மேற்பட்ட மடங்கு சுருக்க வேண்டும். ஆம்னி பஸ் கூட்டத்தை ஒரு ஆட்டோவில் ஏற்றுகிற வேலை.

இதற்கு விதை போட்டவர் பெங்களூரில் பிறந்தவர் என்பதை எத்தனை பேர் அறிவீர்கள்? நசீர் அகமது. 1972-இல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தபோது, ஒரு கணித முறையை ஆராயப் பண உதவி கேட்டு அந்நாட்டு அறிவியல் அறக்கட்டளைக்கு எழுதினார். மறுத்துவிட்டார்கள். யோசனை ரொம்ப எளிமையாக இருக்கிறதே என்பது மதிப்பிட்டவர்களில் ஒருவருடைய கருத்தாக இருந்ததென்று அவரே பின்னால் எழுதியிருக்கிறார். அவர் விடவில்லை. தன் ஆய்வு மாணவர் டி.நடராஜன், நண்பர் கே.ஆர்.ராவ் இருவரோடும் சேர்ந்து 1974 ஜனவரியில் அந்தக் கட்டுரையை வெளியிட்டார். பிளஸ் டூவில் கொசைன் அலை வரைந்து பார்த்தீர்களே, அதுதான் சரக்கு. படத்தை எட்டுக்கு எட்டு புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்துக்கொள்வது. 64 புள்ளிகளின் வெளிச்சத்தையும் தனித்தனியே அனுப்பாமல், அந்தக் கட்டத்தில் மெதுவாக மாறும் அலை எவ்வளவு, வேகமாக மாறும் அலை எவ்வளவு என்று மாற்றி எழுதுவது. வேகமான அலைகளைக் கண் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அவற்றை விட்டுவிடலாம். இதோடு, அடுத்தடுத்த படங்களில் மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் தந்திரமும் சேர்ந்தது. நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் குட்மார்னிங் ரோஜாப்பூ வரைக்கும் அந்த 1974 கட்டுரைதான் சுமந்து வருகிறது. (ரோஜாப்பூவைக் குறைத்துக்கொண்டால் நல்லது, அது வேறு விஷயம்.)

ஆக, பழைய பெட்டிக்காரர் பாதிக்கப்படக் கூடாது என்று போட்ட நிபந்தனைதான் பொறியாளர்களை டிஜிட்டல் மூலைக்குத் துரத்தியது. தாராளமாக அலைக்கற்றை கொடுத்திருந்தால் அமெரிக்காவும் மியூஸோடு நின்றிருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

ஜப்பான் என்ன செய்தது? 1989-இல் தினம் ஒரு மணி நேரம், 1991 நவம்பர் 25 முதல் தினம் எட்டு மணி நேரம் என்று மியூஸ் ஒளிபரப்பை நடத்திக்கொண்டிருந்தது. 1994 பிப்ரவரியில் அமைச்சக உயரதிகாரி ஒருவர், நாமும் டிஜிட்டலுக்குப் போக வேண்டியிருக்கும் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். மியூஸ் பெட்டி தயாரித்துக் குவித்திருந்த கம்பெனிகள் கொதித்தன. மறுநாளே அவர் வார்த்தையைத் திரும்பப் பெற்றார். ஆனால் சொன்னது நடந்தது. 2000 டிசம்பரில் செயற்கைக்கோள் வழி டிஜிட்டல் வந்தது. 2007 செப்டம்பர் 30 அன்று மியூஸ் மூச்சை நிறுத்தியது. முதலில் நம்பி, அதிக விலை கொடுத்து வாங்கியவர்களின் பெட்டிதான் முதலில் வீணானது.

தோற்றவர்கள் என்று அவர்களைத் தள்ளிவிட மனம் ஒப்பவில்லை. அகலத்திரை என்ற எண்ணமே அவர்களுடையது. முதலில் 5:3 என்று வைத்திருந்தார்கள். அமெரிக்கர் கெர்ன்ஸ் பவர்ஸ், புழக்கத்தில் இருந்த சினிமாத் திரை வடிவங்களையெல்லாம் ஒரே பரப்பளவுள்ள செவ்வகங்களாக வெட்டி ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்து, எல்லாவற்றுக்கும் பொதுவான உள்செவ்வகமும் எல்லாவற்றையும் அடக்கும் வெளிச்செவ்வகமும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் வருவதைக் கண்டார். அது 16:9. இன்று உங்கள் கையிலுள்ள போனில் எடுக்கும் வீடியோ வரைக்கும் அந்த விகிதம்தான். 1125? அது சாகவே இல்லை. இன்றும் ஸ்டுடியோக்களில் 1080 கோட்டுப் படம் கம்பியில் ஓடும்போது, கண்ணுக்குத் தெரியாத கோடுகளையும் சேர்த்து எண்ணினால் மொத்தம் 1125. முறை போய்விட்டது, எண் தங்கிவிட்டது.

பழைய ஒளிபரப்பை நிறுத்தும் நாள் என்று ஒன்று வந்தே தீர வேண்டும் அல்லவா. அமெரிக்கா 2009 பிப்ரவரி 17 என்று நாள் குறித்தது. பழைய பெட்டியில் மாட்டும் டிஜிட்டல் மாற்றி வாங்க, வீட்டுக்கு இரண்டு வீதம் 40 டாலர் கூப்பன் கொடுத்தது. கூப்பனுக்கு ஒதுக்கிய பணம் தீர்ந்து ஜனங்கள் வரிசையில் நின்றதால் ஜூன் 12-க்குத் தள்ளிப்போட்டது. ஜப்பான் 2011 ஜூலை 24 நண்பகலில் நிறுத்தியது. ஆனால் அந்த மார்ச்சில் நிலநடுக்கமும் சுனாமியும் அடித்த இவாத்தே, மியாகி, ஃபுகுஷிமா மாகாணங்களுக்கு மட்டும் 2012 மார்ச் 31 வரை நேரம் கொடுத்தது. வீடே போனவனிடம் போய் செட்டாப் பாக்ஸ் மாட்டு என்று சொல்ல முடியுமா?

நம் தமிழ்நாட்டிலும் இந்தக் கேள்வி எழுந்தது. 2006-க்குப் பிறகு அரசு இலவசமாகக் கொடுத்த 14 அங்குல வண்ண டிவிகள் வீடு வீடாக இருந்தன. குண்டு கண்ணாடிக் குழாய் வைத்தவை. கேபிள் டிஜிட்டலாக மாறியபோது அவை என்ன ஆகும் என்று எங்கள் தெருப் பெண்கள் கவலைப்பட்டது ஞாபகம் இருக்கிறது. ஒன்றும் ஆகவில்லை. அரசு கேபிள் 2017-இல் இலவச செட்டாப் பாக்ஸ் கொடுத்தது. அதன் பின்னால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர் சொருகினால் அந்தக் குட்டிப் பெட்டியும் டிஜிட்டல் படம் காட்டியது. தெளிவு கூடவில்லை, உண்மைதான். ஆனால் சீரியல் நிற்கவில்லை!

இப்போது கேட்டவர்களுக்கு வருகிறேன். நல்ல கண் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு. திரை உயரத்தைப் போல மூன்று மடங்கு தூரத்தில் உட்கார்ந்தால் 1080 கோட்டில் ஒரு புள்ளி கிட்டத்தட்ட சரியாக அந்தக் கோணத்தைப் பிடிக்கிறது. ஜப்பானியரின் மூன்று மடங்குக் கணக்கு எவ்வளவு கச்சிதம் பாருங்கள். 43 அங்குல டிவியின் உயரம் 53 சென்டிமீட்டர் சொச்சம். மூன்று மடங்கு என்றால் ஐந்தேகால் அடி. நம் வீட்டு ஹாலில் சோபா எட்டு, பத்து அடி தள்ளிக் கிடக்கும். அங்கிருந்து பார்த்தால் சாதாரண எச்.டி-யின் புள்ளியே கண்ணுக்குப் பிரிந்து தெரியாது. அதில் நான்கு மடங்கு புள்ளி போட்டு, 83 லட்சம் ஆக்கிய 4கே-வை என்னவென்று பிரிப்பீர்கள்? பெரிய திரை வாங்கிக் கிட்டே உட்கார்ந்தால் பலன் உண்டு. 8கே 3 கோடியே 31 லட்சம் புள்ளிகள். என்.எச்.கே 2018 டிசம்பர் முதல் அதில் ஒளிபரப்பியே வருகிறது. சாதாரண வீட்டு ஹாலுக்கு அது தேவையில்லை. பொறுத்திருக்க வேண்டாம் தம்பி, வாங்கிவிடு.

எச்.டி.ஆர் வேறு ஜாதிச் சரக்கு. அது புள்ளியின் எண்ணிக்கையைப் பற்றியதல்ல, ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு இருட்டிலிருந்து எவ்வளவு வெளிச்சம் வரை போகலாம் என்பதைப் பற்றியது. பத்தடி தள்ளி உட்கார்ந்தாலும், கண்ணாடி போட்ட என்னைப் போன்றவர்களுக்கும் வித்தியாசம் தெரியும். வெளிச்சத்தை நிட் என்ற அலகால் அளக்கிறார்கள். உச்சி வெயிலில் வைத்த வெள்ளைக் காகிதம் ஏறக்குறைய 30,000 நிட். நிலா வெளிச்சத்தில் அதே காகிதம் ஒரு நிட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பழைய குண்டு டிவி காலத்தில் ஸ்டுடியோக்கள் வைத்துக்கொண்ட உச்ச அளவு 100 நிட். கோயில் கருவறை தீபமும் வெளிப் பிராகாரத்து வெயிலும் அந்த 100-க்குள் அடங்கியாக வேண்டும். அதனால்தான் வானம் வெளுத்துப் போகும், நிழல் கரிபிடித்துப் போகும். கண்ணாடிக் குழாய் செத்து, எல்.இ.டி விளக்குத் திரைகள் வந்த பிறகும் அந்தக் குழாய்க்காலக் கணக்கையே வைத்துக்கொண்டு ஓட்டினோம்.

இதை உடைத்ததில் டால்பி நிறுவனத்துக்குப் பெரிய பங்கு. 2007-இல் பிரைட்சைட் என்ற கனடிய நிறுவனத்தை வாங்கியது. திரைக்குப் பின்னால் விளக்குகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் வித்தை அவர்களிடம் இருந்தது. பிறகு 10,000 நிட் வரை போகும் ஒரு புதிய அளவுகோலை வகுத்தார்கள். கண்ணுக்கு எந்த இரண்டு வெளிச்சத்துக்கு நடுவே வித்தியாசம் தெரியத் தொடங்குகிறதோ, அதை வைத்துப் படிகளை அமைத்தார்கள். மறுபடியும் கண்ணிலிருந்துதான் ஆரம்பம். 2014-இல் இது தரமானது. பழைய முறையில் ஒரு நிறத்துக்கு 256 படி. இதில் குறைந்தது 1024. சினிமாவுக்கும் இணையப் படங்களுக்கும் அருமையான முறை. ஆனால் இதை அப்படியே பழைய பெட்டிக்கு அனுப்பினால் படம் சாம்பல் பூத்து, வெளிறித் தெரியும். மறுபடியும் அதே கேள்வி!

2012-க்குப் பிறகு ஆசையாக 4கே வாங்கிய பலருடைய பெட்டியில் எச்.டி.ஆர் கிடையாது. ஒளிபரப்பு நிலையத்தால் ஆளுக்கொரு படம் அனுப்ப முடியாது. இதற்கு வழி கண்டுபிடித்தவர்கள் யார் தெரியுமா? பிரிட்டனின் பி.பி.சி-யும் ஜப்பானின் என்.எச்.கே-யும். துப்ரோவ்னிக்கில் ஐரோப்பாவும் ஜப்பானும் முறைத்துக்கொண்டு முப்பது வருடம் ஆகியிருந்தது. இவர்கள் சேர்ந்து செய்த முறையில் வெளிச்ச வளைவின் கீழ்ப்பாதி பழைய டிவிக்குப் பழக்கமான வடிவிலேயே இருக்கும். மேல்பாதி மடக்கை விதிப்படி வளைந்து அதிக வெளிச்சத்தைச் சுமக்கும். பழைய பெட்டி தனக்குத் தெரிந்த அளவில் நல்ல படம் காட்டும். புதிய பெட்டி முழு வெளிச்சத்தையும் காட்டும். 1953-இல் நிறத்தைச் சொருகினார்களே, கிட்டத்தட்ட அதே புத்தி. 2016 ஜூலையில் உலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் டால்பி முறை, இந்த முறை இரண்டையும் ஒரே தரத்தில் ஏற்றது. 2018 ரஷ்யா உலகக் கோப்பைக் கால்பந்தை பி.பி.சி இந்த முறையில் இணையத்தில் சோதனையாகக் காட்டியது.

கடைக்குப் போகும் மருமகளுக்கு ஒரு எச்சரிக்கை. அட்டைப்பெட்டியில் எச்.டி.ஆர் என்று அச்சடித்திருப்பதற்கும் பெட்டியால் அதைக் காட்ட முடிவதற்கும் சம்பந்தம் இல்லாமல் இருக்கலாம். "இதன் உச்ச வெளிச்சம் எத்தனை நிட்?" என்று கேள். 300 என்று சொன்னாலோ, தெரியாது என்று சொன்னாலோ, எச்.டி.ஆருக்கென்று அதிகக் காசு கொடுக்காதே. 600-க்கு மேல் என்றால் யோசிக்கலாம். பின்னால் உள்ள விளக்குகள் பகுதி பகுதியாக அணையுமா என்றும் கேள். ஓ.எல்.இ.டி என்றால் ஒவ்வொரு புள்ளியும் தானே அணையும். இருட்டு இருட்டாகவே இருக்கும். அதில் இந்த நிட் கணக்கைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம். மலிவான பெட்டியில் எச்.டி.ஆர் படம் போட்டால் பல சமயம் இன்னும் இருண்டுதான் தெரியும். அப்போது பெட்டியைத் திட்டாமல் எச்.டி.ஆரை அணைத்துவிட்டுப் பார்க்கவும்.

பழைய பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன் ஒரு படம் எடுத்து வையுங்கள். உங்கள் வீட்டுக்கு வந்த முதல் டிவி எது, எந்த வருஷம், ஆன்டெனாவை எந்தத் திசைக்குத் திருப்பினீர்கள் என்று கீழே எழுதுங்கள். கடற்கரை ஊர்க்காரர்கள் முதலில் எழுதட்டும்.